மாப்பிள்ளை வேகம்

தன் பிழைப்புக்குத் தானே உலை வைப்பது என்றால் என்னவென்று மாப்பிள்ளைக்கு அன்று மொட்டை மாடியில் புரிந்தது. டெக்னீஷியன் வயர்லெஸ் டிஷ்ஷைத் திருப்ப, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கக் கட்டடத்தின் மாடியில் அதே மாதிரி இன்னொரு டிஷ். இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தால் போதுமாம். கண்மூடித் திறப்பதற்குள் ஃபைல் பறக்குமாம்.

இந்தப் பக்கம் பெரிய மச்சான், அட்டைப்பெட்டி மெஷின்களோடு. அந்தப் பக்கம் சின்ன மச்சான், ஆர்டரோடும் வரைபடத்தோடும். அப்பாவின் நாற்காலியில் யார் உட்காருவது என்று முட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. பத்து வருஷம். நாற்காலியைக் கரையான் தின்றுவிட்டது. ரோஷத்தை மட்டும் அதுகூடத் தொடவில்லை.

நடுவில் பிறந்தவளைக் கட்டிய பாவத்துக்கு, பென் டிரைவையும் பேச்சையும் சுமந்துகொண்டு ரோட்டைக் கடப்பது மாப்பிள்ளையின் உத்தியோகம். ஒரு தடவை போய்ச்சேர அரை மணி. இரண்டு கட்டடத்திலும் அவருக்கு ஆமை என்றுதான் பெயர். வயர்லெஸ் போடலாம் என்று அண்ணன் சொன்னதைத் தம்பியிடமும், தம்பி சரி என்றதை அண்ணனிடமும் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதே ஆமைதான்.

இந்த உத்தியோகமும் போனால் இந்த வயதில் தன்னை யார் சீந்துவார்கள்?

பச்சை விளக்கு எரிந்தது. டெக்னீஷியனுக்குக் குடும்ப வரலாறு தெரியாது, பாவம். பெரிய மச்சானின் அறைக்கு இறங்கிவந்து, சோதித்துப் பார்க்க வீடியோ காலைப் போட்டுவிட்டார்.

திரையில் தம்பி. அண்ணனுக்குக் கண் கலங்கியது. தம்பிக்கும்தான். இத்தனை வருஷமாக மாப்பிள்ளை வழியே வந்து சேர்ந்த மரியாதை கொஞ்சமா நஞ்சமா! பாசத்தை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அண்ணன் வேலையில் தொடங்கினார்.

"ஏன்டா, மூடி இல்லாம பெட்டி வரைஞ்சு அனுப்பியிருக்கியே, மண்டையில என்ன களிமண்ணா?"

"மெஷினுக்கு எண்ணெய் விடவே தெரியாது, நீ எனக்கு வரையக் கத்துத் தர்றியா?"

இரண்டு பேரும் ஆடிப்போனார்கள். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து டெக்னீஷியன் மேல் பாய்ந்தார்கள். எங்கள் அண்ணன் இப்படிப் பேசுகிற ஆளே இல்லை என்று தம்பி திரைக்குள்ளிருந்து கத்தினார். என் தம்பி தங்கம், உன்னுடைய டப்பாதான் எதையோ கலந்து அனுப்புகிறது என்று அண்ணன் மேசையைக் குத்தினார்.

ஓர் எழுத்துகூடச் சிந்தாமல் அப்படியே போகிறது சார் என்று டெக்னீஷியன் பெற்றவள் மேல் சத்தியம் செய்தார். அட, அதுதானே ஐயா வினை!

அண்ணன் பட்டென்று திரையை அணைத்தார்.

"மாப்ள, இதையெல்லாம் நம்ப முடியாது. நீங்களே போய் அவன் என்ன சொன்னான்னு சரியாக் கேட்டுட்டு வாங்க."

மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டார்.

ரோட்டைக் கடக்க இரண்டு நிமிடம் போதும். காதில் விழுந்ததை விழுங்கிவிட்டு, அந்த இடத்தில் வைக்க நல்லதாக ஒரு வார்த்தை தேடத்தான் மீதி நேரமெல்லாம். இன்றைக்கு அரை மணி போதுமா என்று யோசித்தபடி அவர் படி இறங்கினார்.