பேரைச் சொன்னால்தான் டோக்கன்

கொக்கு டாக்டரின் குளக்கரை ஆஸ்பத்திரிக்குச் செவலைக் கோழி மூச்சிரைக்க ஓடிவந்தது. அதன் குஞ்சின் தொண்டையில் மக்காச்சோளம் சிக்கியிருந்தது.

வாசலில் டோக்கன் கொடுக்கும் ஆமையார், ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டவே ஒரு யுகம் எடுத்துக்கொண்டார்.

"பேரு?"

"இவ பேரு பவளம், அண்ணே. மூச்சு விடவே..."

"உன்னையா கேட்டேன்? நோயாளிதான் சொல்லணும்."

"தொண்டை அடைச்சவ எப்படிண்ணே சொல்லுவா?"

"அதை டாக்டர்கிட்ட கேளு."

"அப்போ உள்ளே விடுங்க."

"டோக்கன் இல்லாமலா?"

ஆமையார் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரமாம்.

குஞ்சுக்குக் கண் செருகியது. கோழிக்குப் பொறுமை போயே போச்சு. ஆமையாரின் முதுகிலேயே ஏறி நின்று, முட்டையிட்ட நாளில்கூடப் போடாத கூப்பாட்டைப் போட்டது. காலையிலிருந்து ஒருத்தரும் வரவில்லையே என்று உள்ளே ஒற்றைக்காலில் தூங்கிக்கொண்டிருந்த டாக்டர் பதறி ஓடிவந்தார். நீள அலகை விட்டு ஒரே இழுப்பில் சோளத்தை எடுத்தார்.

குஞ்சு இருமியது, மூச்சு விட்டது. முதல் வேலையாக ஆமையாரைப் பார்த்து, "என் பேரு பவளம்!" என்றது.

ஆமையார் மெல்லத் தலையை நீட்டினார்.

"நல்லாத்தானே பேசுற? உனக்கெதுக்கு டோக்கன்? அடுத்த ஆளு வாங்க!"