முக்கால் மணி நேர மாப்பிள்ளை

ரனீமைப் பெண் கேட்டு வந்த கைஸின் பெரியப்பா, காபிக் கோப்பையை வாய் வைக்காமல் கீழே வைத்தார். பெண்ணைத் தருகிறோம் என்று சொன்ன பிறகுதான் குடிப்பது அம்மான் நகரத்தில் வழக்கம்.

பெண்ணின் அப்பா அபூ முந்திர் அதைப் பார்க்காதவர்போல மூலையில் இருந்த கணினியைக் காட்டினார். "புது மானிட்டர், தம்பி. படம் வருது, ஸ்பீக்கர்ல சத்தமே இல்ல. கொஞ்சம் பாரேன்."

கைஸ் சட்டைக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒலியைக் கூட்டினான். மானிட்டர் வயரைக் கழற்றி மாட்டினான். கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டான்.

"கம்ப்யூட்டர் கடைக்காரனாச்சே! இதுகூடத் தெரியலையா?" என்று சீண்டினார் அபூ முந்திர்.

"நீங்க பக்கத்துல இருக்கீங்கள்ல மாமா, பாத்துடலாம்" என்று சிரித்தான்.

"காபி ஆறுதுடா" என்று முனகினார் பெரியப்பா.

முக்கால் மணி நேரம் கழித்து, கம்பளத்துக்கு அடியில் கழன்று கிடந்த ஸ்பீக்கர் வயரைத் தேடி எடுத்துச் செருகினான். பாட்டு முழங்கியது.

அபூ முந்திருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நான்தான் கழட்டி வச்சேன்! போன மாசம் வந்தவன் பத்து நிமிஷத்துல எரிஞ்சு விழுந்தான். நீ பொறுமைசாலிப்பா. காபியைக் குடிங்க, பொண்ணு உங்களுக்குத்தான்!"

திரும்பும்போது காரில் பெரியப்பா பொரிந்து தள்ளினார். "ஒரு வயரைத் தேட உனக்கு முக்கால் மணி நேரமாடா? மானமே போச்சு!"

"வயர் எங்க இருக்குன்னு ரனீம் நேத்தே சொல்லிட்டா, பெரியப்பா. இன்னொருத்தன் வந்து ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சானாம். தலைக்கனம் பிடிச்சவன்னு அவனையும் அவ அப்பா அனுப்பிட்டாராம். முக்கால் மணி நேரம் தேடுங்கன்னு சொன்னதே அவதான்."