ஒரே ஒரு வேண்டாம்

ஆணியில் தொங்கிய ஜோலீனின் சிவப்புக் கோப்பையை இன்றும் யாரும் தொடவில்லை. வழிகாட்டிகள் காப்பியை ஊற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் பார்க்காமலே வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

ஹேமிஷ் மட்டும் பார்த்தார். இந்த மலை விடுதியின் தலைமை வழிகாட்டி அவர்தான். எப்போதும் மேசைக்கடியில் சுருண்டு கிடக்கும் அவளுடைய நாயும் இல்லாமல் அறை வெறிச்சென்று இருந்தது.

வெளியே, மலை உச்சிக்கு ஏற்றிப்போகும் ஹெலிகாப்டர் உறுமியது. பனிச்சறுக்கு விளையாட வந்த விருந்தினர்கள் பொறுமையில்லாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள்.

"இன்னிக்கு 'மணப்பெண்' சரிவு. போலாமா?" என்று வழிகாட்டிகளிடம் கேட்டார் ஹேமிஷ்.

பெயர்தான் மணப்பெண், குணம் மாமியார். எப்போது பனி சரிந்து ஆளை மூடும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் விடுதியில் ஒரு வழக்கம். யாராவது ஒரு வழிகாட்டி 'வேண்டாம்' என்றால் போதும், அன்றைக்கு அந்தச் சரிவுக்கு யாரும் போகக்கூடாது. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரமும் இதே சரிவுதான். ஜோலீன் மட்டும் 'வேண்டாம்' என்றாள். "பயந்தாங்கொள்ளிக்கு எதுக்கு மலை?" என்று எல்லார் முன்னும் கத்திவிட்டு, வழக்கத்தை மீறிக் கிளம்பினார் ஹேமிஷ். அன்று மாலை முதல் அந்தக் கோப்பை ஆணியை விட்டு இறங்கவில்லை.

"சரி." "சரி." "போலாம்." ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

"டெல்மர், நீ?"

டெல்மர் எதையும் இரண்டு தடவை யோசிக்கிற ஆள். ராத்திரி முழுக்கக் காற்று சுழற்றியடித்துச் சரிவில் புதுப்பனியைக் குவித்தது அவனுக்குத் தெரியாமல் இருக்காது.

"நீங்க சொன்னா சரிதான், ஹேமிஷ்." தலை நிமிரவே இல்லை.

பூம்பூம் மாடுகூட இவர்களிடம் தோற்றுவிடும். ஹேமிஷ் கையுறையை மாட்டினார். ஜன்னலோரம் டெல்மர் போனில் கிசுகிசுப்பது காதில் விழுந்தது.

"சும்மாதான் கூப்பிட்டேன் கண்ணு. அப்பாவுக்கு ஒரு முத்தம் குடு."

வேலை முடிந்த பிறகுதான் அவன் மகளைக் கூப்பிடுவான். இவனும் மற்றவர்களும் பயத்தை விழுங்கிக்கொண்டு சாகக் கிளம்புகிறார்கள். இவர்கள் வாயை அடைத்தது தான்தான் என்பது ஹேமிஷுக்கு இப்போதுதான் உறைத்தது.

"யாரும் நகராதீங்க." கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார்.

மறுமுனையில் ஒரு நாய் குரைத்தது.

"வேலைய விட்டுத் துரத்துனவளுக்கு என்ன போன், ஹேமிஷ்?"

"தப்புப் பண்ணிட்டேன், ஜோலீன். அன்னிக்குப் பனி சரியலங்கிற திமிரு. இன்னிக்கு எல்லாரும் சரிங்கறாங்க... எனக்குப் பயமா இருக்கு. நீ என்ன சொல்ற?"



"மணப்பெண்ணா? வேண்டாம்!"