அடைக்க மறந்த துளை

இரண்டாவது டக் கேட்டது. மூன்றாவது கேட்கவில்லை.

அவள் குழியின் விளிம்பில் குந்தியிருந்தாள். மடியில் சோதனைப் படிவம். நாற்பத்தோரு இணைப்புக்கு டிக் அடித்தாயிற்று. இன்னும் ஒன்பது. ஐம்பதும் தேறிவிட்டால் மதியமே ஐந்நூறு கருவி செய்ய உத்தரவு போகும்.

அவள் வரைந்த கருவி.

கைக்கு அடக்கமானது. டெலிபோன் கேபிளின் இரண்டு செப்புக் கம்பிகளைச் சின்னப் பிளாஸ்டிக் குப்பிக்குள் செருகி, அதைக் கருவியின் வாயில் வைத்துக் கைப்பிடியை அழுத்த வேண்டும். டக், டக், டக், டக். நாலாவதற்குப் பிறகுதான் வாய் திறக்கும்.

குழிக்குள் மருதாசலம் அசையாமல் நின்றார். இருபத்தெட்டு வருஷமாகக் கேபிள் ஒட்டுகிறவர். முழங்கால் வரை சேற்றுத் தண்ணீர். கையில் உறை இல்லை. அவ்வளவு மெல்லிய கம்பியை உறை போட்டுக்கொண்டு எவராலும் பிரிக்க முடியாது.

குப்பி வியர்வையில் வழுக்கியிருக்கிறது. பிடிக்கப் போன இடது கட்டைவிரலும் கூடவே வாய்க்குள் போயிருக்கிறது.

அவர் வலது கை கைப்பிடியை விட்டது. கருவியின் முதுகில் ஊர்ந்தது. எதையோ தேடியது.

எதை என்று அவளுக்குத் தெரியும்.

"திறக்கற கொக்கி எங்க அம்மிணி?"

இல்லை.

முதல் வரைபடத்தில் இருந்தது. இப்போது அவர் விரல் துழாவுகிற அதே இடத்தில்.

"அது இருந்தா பாதி அழுத்திட்டு உருவிருவானுங்க. மழை வந்தா ஜாயின்ட் போகும், பழி நம்ம தலைல விழும். தூக்கிரு." மீட்டிங்கில் திருவேங்கடம் சொன்னார். டிசைன் பிரிவின் தலைவர். அவள் வேலை நிரந்தரமாவது அவர் கையெழுத்தில் இருந்தது.

அவள் அப்பா கேபிளுக்குப் பள்ளம் வெட்டியவர். திருவேங்கடம் பழித்த ஆட்களில் அப்பாவும் ஒருத்தர்.

ஆனாலும் வீட்டின் முதல் பட்டதாரி மவுஸை ஒரே ஒரு தடவை அமுக்கினாள். கொக்கி போய்விட்டது.

திருவேங்கடம் இப்போது அவளுக்குப் பின்னால், மேட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"பதறாதீங்க. இன்னும் ரெண்டு டக்தான். அழுத்தி முடிச்சா தானா திறந்துக்கும்."

பொய்யில்லை. அப்படித்தான் அவள் வரைந்திருந்தாள். நாலாவது டக்கில் வாய்க்குள் மிஞ்சுகிற இடமும் அவளுக்கு மனப்பாடம். ஒன்றே கால் மில்லிமீட்டர்.

மருதாசலம் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"உங்க விரலா இருந்தா அழுத்துவீங்களாங்க?"

அவள் குதித்தாள்.

ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. கருவியைத் திருப்பினாள். பக்கவாட்டில் மிளகு அளவுக்கு ஒரு துளை. கொக்கியை எடுத்தவள் அதன் துளையை அடைக்க மறந்திருந்தாள். சேறு புகுந்துவிடுமே, இதுகூடத் தெரியாதா என்று போன வாரம்தான் திட்டு வாங்கினாள்.

துப்பட்டாவிலிருந்து பின்னூசியைப் பிடுங்கினாள். நிமிர்த்தித் துளைக்குள் விட்டாள்.

உள்ளே பற்சக்கரத்தின் பல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு இரும்பு நாக்கு இருக்கும். அதைத் தூக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாது. வரைந்த கைக்குத்தான் தெரியும்.

வழுக்கியது.

மறுபடி.

ஊசி வளைந்தது. அவர் கட்டைவிரல் நகம் நீலத்திலிருந்து கறுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊசியை அவசரமாக நிமிர்த்தித் திரும்பவும் குத்தினாள்.

"நிதானமா பண்ணு அம்மிணி. நான் எங்க ஓடிரப் போறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினாள்.

வாய் திறந்தது.

ரத்தம் சேற்றுத் தண்ணீரில் விழுந்து உடனே காணாமல் போயிற்று. அவர் விரலை ஒரு முறை மடக்கினார். நீட்டினார். மறுபடி மடக்கினார். பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்துக் கம்பிக்குச் சுற்றுகிற மாதிரியே சுற்றினார்.

"இந்தப் பின்னும் டப்பாவோட வருமுங்களா, நாங்களே வாங்கிக்கோணுமா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும்தான்.

மேட்டிலிருந்து திருவேங்கடம் கையை நீட்டினார். அவளைத் தூக்கிவிட என்று நினைத்தாள். கருவியைக் கேட்டார். கொடுத்தாள். பின்னூசி துளையிலேயே நின்றது.

"கிளவுஸ் போடல இல்ல? கவனக்குறைவுன்னு எழுது. மிச்சம் ஒன்பதையும் வேற ஆளை வெச்சு முடிச்சரலாம். மதியம் அனுப்பியாகணும்."

தானே ஏறி வந்தாள். ஒரு காலில் செருப்பு. படிவத்தின் ஓரம் நனைந்திருந்தது.

'கோளாறுக்குக் காரணம்' என்றிருந்த கட்டம்.

எழுதினாள்.

'பாதியில் திறக்கும் கொக்கி இல்லை. முதல் வரைபடத்தில் இருந்தது. நீக்கியது நான்.'

அவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். மூச்சை விட்டார்.

"உன் தலையெழுத்து. குடு, போலாம்."

அவள் கொடுக்கவில்லை. அடுத்த வரியில் பேனாவை வைத்தாள்.

'நீக்கச் சொன்னவர்'

குழிக்குள் டேப் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

அவள் நிமிர்ந்தாள்.

"சார், உங்க இனிஷியல் என்னங்க?"