ஆறாவது கட்டம்

எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் ரத்த அழுத்தம். டாக்டரிடம் காட்டுவதற்காக என் மகள் கணினியில் நிரல் எழுதி, ஆளுக்கொரு கட்டமாக வரைபடம் போட்டாள். ஆறு கட்டங்கள் வந்தன. ஆறாவதன் தலைப்பு ‘குண்டு’. என் தம்பியை வீட்டில் கூப்பிடும் பெயர். தன் கல்யாணத்தன்று ஓடிப்போய்க் குடும்ப மானத்தை வாங்கியதற்காக நான் தலைமுழுகிய தம்பி. அவன் செத்து வெகுகாலமாகிறது.

“அழிச்சிடும்மா. டாக்டர் நம்மள என்ன நினைப்பார்?”

“அழிச்சாலும் திரும்ப வருதுப்பா. நம்ம வீட்லயே சித்தப்பாவுக்கு மட்டும்தான் நார்மல்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. திரையில் என் கோடும் ஏறியது.

“எனக்கும் அவனுக்கும் நடுவுல இடைவெளியாவது விடு.”

அவள் இடைவெளியைக் கூட்டினாள். மற்றவர்கள் விலகிப் போனார்கள். அவன் நகரவில்லை. தலைப்பு மட்டும் நீண்டு, என் கட்டத்தின் தோளில் கை போட்டதுபோல் கிடந்தது.