படுதாவுக்கு வெளியே

திண்டுக்கல் பெண்களுக்கும் வத்தலக்குண்டுப் பெண்களுக்கும் நெட்பால் போட்டி. மைதானத்தைச் சுற்றிப் படுதா கட்டியிருந்தது. வாசலில் காவலுக்கு நின்றவள் செபஸ்தியம்மாள். ஆடிய காலத்தில் அவளைத் தாண்டிப் பந்து போனதில்லை. இப்போது பள்ளி டீச்சர், பெண்கள் விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர். அவள் நடத்தும் முதல் போட்டி இது. ஓர் ஆண் உள்ளே நுழைந்தாலும் தகப்பன்மார் பாதிப் பெண்களைக் கையோடு கூட்டிப் போய்விடுவார்கள். அதோடு அவள் பதவியும் போய்விடும்.

தோல் வியாபாரி சனாவுல்லா வந்து நின்றார்.

"செத்த நேரம் பாத்துட்டுப் போயிர்றேன் டீச்சரம்மா."

"ஆம்பளைகளுக்கு அனுமதி இல்ல பாய்."

"எம்மக கமர்ஜஹான் ஆடுதுல்ல."

"உள்ள ஆடுற எல்லாம் யாரோ ஒருத்தர் மகதான்."

"இந்தப் படுதாவே நான் குடுத்தது."

"அதான் நல்லா மறைக்குது."

உள்ளே ஆரவாரம் எழுந்தது. சனாவுல்லா நுனிக்காலில் எம்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"கோல் போட்டது யாரு?"

செபஸ்தியம்மாள் படுதாவை விலக்கி எட்டிப் பார்த்தாள். "உங்க மகதான்."

அவர் படுதாவின் துணியை விரலால் தடவினார்.

"இந்த விதியக் கொஞ்சம் தளர்த்தக் கூடாதா?"

"விதி போட்டவரு பிடிவாதக்காரரு. சம்மதம் வாங்கச் செருப்புத் தேய நடந்தேன்."

"இப்பச் சம்மதிப்பாரு."

"இன்னிக்கு ஆகாது பாய். அவரு பேச்சை நம்பித்தான் மத்த வீட்டுப் பொண்ணுகளும் வந்திருக்கு. அடுத்த வருசத்துக்கு வேணா சொல்லட்டும்."

சனாவுல்லா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"படுதா கட்டுனாத்தான் மகளை அனுப்புவேன்னு அன்னிக்கு ஒத்தக்கால்ல நின்ன இந்த மடையன், அடுத்த வருசம் படுதா வேண்டாங்கறான்னு வச்சுக்குங்க. இப்பச் சொல்லுங்க டீச்சரம்மா, யாருக்கு எம்புட்டு கோலு?"