சிவப்புத் தையல்

கிறிஸ்து வேதத்தில் சேர்ந்துவிட்டால் கீழ்ச்சாதிக்காரி சட்டை போட்டு மார்பை மறைத்துவிடலாமோ என்று கேட்டு, ஞானப்பூவின் குப்பாயச் சட்டையைச் சந்தையில் எல்லோரும் பார்க்கத் தோள் முதல் இடுப்பு வரை கிழித்துவிட்டார்கள் பெரிய வீட்டு ஆட்கள். வீட்டுக்கு வந்தவள் அழவில்லை, ஊசியை எடுத்தாள். வெள்ளைத் துணியில் சிவப்பு நூல் ஏறுவதைப் பார்த்து நாத்தனார் தேவகிருபை பதறினாள்.

“வெள்ள நூலு இருக்குல்லா மைனி. இது தூரத்துலயே தெரியுமே.”

“தெரியட்டும். மறைக்கதுக்கு நானா கிழிச்சேன்?”

அடுத்த சந்தைக்கு அதே குப்பாயத்தோடு கருப்பட்டிக் கூடையைச் சுமந்து போனாள். அந்த ஆட்கள் அதே இடத்தில் நின்றார்கள். நடையைத் தளர்த்தாமல் போனவள், பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். தேவகிருபை முன்னால் வர, சபைப் பெண்கள் ஏழு பேர் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோர் குப்பாயத்திலும் சிவப்புத் தையல் இருந்தது. அவற்றில் ஒன்றுகூட இதுவரை கிழிபட்டதில்லை.